நமக்கு முதுகு காட்டி ஆடும் நடனம்: கன்பூசியஸ் கோயில் வரிசை ஆட்டத்தை மேடைக்காகச் சுருக்கலாமா?

கயல்_சியோல்
ஞாயிறு, இரவு 9:40

நண்பர்களே, இந்த வாரம் சியோலில் உள்ள கன்பூசியஸ் கோயிலில் (இங்கே முன்மியோ என்பார்கள்) கன்பூசியஸுக்குப் படையலிட்டு வணங்கும் இலையுதிர் காலத்துச் சொக்ஜொன் சடங்கைப் பார்த்தேன். வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. பழைய சங்க்யுன்க்வான் கல்விக்கூடத்தின் முற்றம், பெரிய கிங்கோ மரங்கள், நடுவே சிவப்பு அங்கியும் கறுப்புத் தொப்பியுமாக 64 பேர். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் பேர். ஆட்டத்தின் பெயர் இல்மு. வரிசையாக நின்று ஆடுவது என்று பொருள்.

இடது கையில் மூங்கில் குழல், வலது கையில் கோழியினப் பறவையின் நீண்ட இறகுகள் தொங்கும் கோல். ஒரு சுரம் நீண்டு ஒலிக்கிறது. அது முடியும் இடத்தில் குழல்கள் ஒலியைச் சற்றே மேலே இழுத்து விடுகின்றன. அந்த ஒரு சுரத்துக்குள் ஒரே ஓர் அசைவு. கை உயர்கிறது, நிற்கிறது. அடுத்த சுரம். உடல் இடப்பக்கம் திரும்புகிறது, நிற்கிறது. இடம்பெயர்வது இல்லை, சுழல்வது இல்லை, முகத்தில் பாவம் என்று எதுவும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது படையலின்போது குழலும் இறகும் போய், மரத்தாலான கேடயமும் கோடரியும் வருகின்றன. அப்போதும் வேகம் கூடுவதில்லை.

என்னுடன் வந்த ஆய்வக நண்பர்கள் இருபது நிமிடங்களில் கிளம்பிவிட்டார்கள். உண்மையில் எனக்கும் முதல் அரை மணி நேரம் மனம் ஒட்டவில்லை. பிறகு பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "அவர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்" என்றார். ஆடுபவர்கள் வடக்கே, சன்னதி மண்டபத்தைப் பார்த்து நிற்கிறார்கள். பார்வையாளர்களான எங்களுக்குத் தெரிந்தது அவர்களின் முதுகும் பக்கவாட்டும்தான். அதற்குப் பிறகு எப்படி நேரம் போனது என்றே தெரியவில்லை.

இந்த ஆட்டத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கி மேடைகளிலும் விழாக்களிலும் காட்டுவதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எனக்கு இன்னும் தெளிவில்லை.

---

பாரிமுனை
ஞாயிறு, இரவு 11:05

கயல், உங்கள் வர்ணனை அருமை. ஆனால் உங்கள் நண்பர்கள் இருபது நிமிடங்களில் எழுந்து போனதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு கலை மக்களைச் சேரவில்லை என்றால், அரசு மானியத்தில் அதற்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பதா? இரண்டு மணி நேரச் சடங்கைப் பத்து நிமிடமாக்கி நல்ல விளக்கத்தோடு காட்டினால், பார்ப்பவர்களில் நான்கு பேராவது முழுவதையும் தேடிப் போவார்கள். சுருக்கியதால் எந்தக் கலையும் செத்ததில்லை. யாரும் பார்க்காமல் போனதால்தான் பல கலைகள் செத்திருக்கின்றன.

---

மூங்கில்நிழல்
திங்கள், காலை 7:15

நான் தைவானின் தைப்பேயில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். என் வீடு தாலொங்தொங் பகுதியில், கன்பூசியஸ் கோயிலுக்கு நடந்து போகும் தூரம். இங்கே செப்டம்பர் 28 கன்பூசியஸ் பிறந்தநாள், அதுவே ஆசிரியர் தினமும்கூட. அன்று விடியற்காலையில் நடக்கும் சடங்கில் ஆடுபவர்கள் பெரியவர்கள் இல்லை. கோயிலை அடுத்த தொடக்கப்பள்ளிக் குழந்தைகள், மஞ்சள் அங்கியில்.

கோடை விடுமுறையிலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது. மாலை நடைக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். முதல் வாரத்தில் இறகு இல்லை, குழல் இல்லை, வெறும் குச்சிகள்தான். ஆசிரியை ஓர் எழுத்தைச் சொல்வார், குழந்தைகள் அதற்குரிய நிலையில் நிற்பார்கள். இதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்: பாடலில் ஓர் எழுத்துக்கு ஒரு நிலை. சீன மொழியில் ஓர் எழுத்து என்றால் ஒரு சொல். அடிக்கு நான்கு எழுத்து, எட்டு அடி, ஆக 32 நிலைகள். மூன்று படையலுக்கும் சேர்த்து 96. அவற்றில் துள்ளலோ பாய்ச்சலோ கிடையாது. விட்டுக்கொடுப்பது, வேண்டாம் என்று பணிவாக மறுப்பது, குனிவது, வணங்குவது, இப்படிப்பட்டவைதான். ஒரு மனிதன் இன்னொருவர் முன் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ, அதைத்தான் 96 முறை உடலால் எழுதிப் பழகுகிறார்கள்.

அந்தக் குழலை யாரும் ஊதுவதில்லை. இத்தனை ஆண்டு பார்த்த பிறகும் அது என்னை நிறுத்திவிடுகிறது. கையில் குழல் இருக்கிறது, இசை வேறிடத்திலிருந்து வருகிறது. குழலை நிமிர்த்திப் பிடிக்கிறார்கள், கிடையாகப் பிடிக்கிறார்கள், இறகோடு குறுக்கே சேர்க்கிறார்கள். அவ்வளவுதான்.

பாரிமுனை, நீங்கள் சொல்லும் பத்து நிமிடத்தில் 96இல் எத்தனையை வைத்துக்கொள்வீர்கள்? பாட்டில் பாதிச் சொற்களை எடுத்துவிட்டால் பாட்டு என்ன ஆகும்?

---

சுவடிப்பெட்டி
திங்கள், பிற்பகல் 3:30

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் நான். ஆட்டத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை, ஆனால் பல ஆண்டுகள் படித்திருக்கிறேன். "64 பேர்" என்று கயல் போகிற போக்கில் எழுதிவிட்டார். அந்த எண்ணுக்குள் இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுச் சண்டை இருக்கிறது.

கி.மு. 718ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சீன வரலாற்று ஏட்டில் பதிவாகியிருக்கிறது. லூ நாட்டு மன்னர், புதிதாகக் கட்டிய கோயிலில் இறகு ஆட்டத்துக்கு எத்தனை வரிசை நிறுத்தலாம் என்று கேட்கிறார். பேரரசருக்கு எட்டு, சிற்றரசருக்கு ஆறு, அமைச்சருக்கு நான்கு, அவருக்கும் கீழே இருப்பவருக்கு இரண்டு என்று பதில் வருகிறது. அதே லூ நாட்டில் பின்னர் பிறந்தவர்தான் கன்பூசியஸ். அவர் காலத்தில் ஜி என்ற அமைச்சர் குடும்பம் தன் வீட்டு முற்றத்தில் எட்டு வரிசை ஆடவைத்தது. "இதையே பொறுத்துக்கொள்ள முடியும் என்றால், வேறு எதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது?" என்று அவர் கொதித்தது அவருடைய உரைத்தொகுப்பின் மூன்றாம் பகுதியில் முதல் வரியாகவே நிற்கிறது.

இப்போது அவர் கோயிலிலேயே எத்தனை வரிசை ஆடுவது? அவர் அரசர் இல்லை. ஆனால் அரசர்களே வணங்கும் ஆசான். மிங் ஆட்சியில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்டு வரிசையாக உயர்த்தினார்கள். 1530இல் ஜியாஜிங் பேரரசர் கன்பூசியஸுக்கு இருந்த "மன்னர்" பட்டத்தை நீக்கி "தலைசிறந்த முன்னோடி ஆசான்" என்று மாற்றினார், வரிசையை ஆறாகக் குறைத்தார். 1906இல், தங்கள் ஆட்சிக்கு இன்னும் ஐந்தே ஆண்டு மிச்சமிருந்தபோது, சிங் அரசினர் மறுபடி எட்டாக்கினார்கள். வரிசையைக் கூட்டியதும் குறைத்ததும், ஆசானைவிட அரசன் பெரியவனா என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள்.

ஆறு வரிசை என்றால் எத்தனை பேர் என்பதிலும் உரையாசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆறுக்கு ஆறு, 36 என்றார் தூ யூ. வரிசைக்கு எட்டுப் பேர் என்பது மாறாது, ஆகவே 48 என்றார் ஃபூ சியென். தைவான் கோயில்களில் இன்றும் 36 பேர் ஆடும் வழக்கம் இருப்பது தூ யூவின் கணக்குப்படிதான்.

---

பாரிமுனை
திங்கள், இரவு 8:20

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் சங்கடம் கூடிவிட்டது. யார் மேல், யார் கீழ் என்று தலை எண்ணிக் காட்டுவதற்காகப் பிறந்த ஆட்டம் இது. அந்த அரசுகள் போய்விட்டன, அந்தப் படிநிலையும் போய்விட்டது. பிறகு அதே வடிவத்தை அப்படியே காப்பாற்றுவது எதற்கு?

இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தமாகச் ஷாண்டொங் மாகாணத்துக்குப் போனபோது சூஃபூவுக்கும் போனேன், கன்பூசியஸ் பிறந்த ஊர். பழைய நகர வாயிலில் காலையில் பழங்கால உடையணிந்து ஒரு வரவேற்பு நிகழ்ச்சி நடத்தினார்கள். முரசும் கொடியும் ஒலிபெருக்கியுமாக ஒரே கூட்டம். பக்தி என்று எதுவும் எனக்குப் படவில்லை. மூலக் கோயிலின் ஊரிலேயே இது காட்சியாகிவிட்டபோது, மேடைக்குச் சுருக்குவதை மட்டும் ஏன் குற்றம் என்கிறோம்?

---

செங்காந்தள்
திங்கள், இரவு 10:50

நான் ஆடுகிறவள். பரதம் பயின்று, இப்போது சிங்கப்பூரில் சமகால நடனக் குழு ஒன்றில் இருக்கிறேன். அந்த இடத்திலிருந்து இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, இது எளிதான ஆட்டம் இல்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு நீட்டி, கையில் ஒரு நீளமான கரண்டியைப் பிடித்துக்கொண்டு, எட்டு வரை மெதுவாக எண்ணிப் பாருங்கள். பிறகு கையைத் தொங்கவிடாமல் அடுத்த நிலைக்குப் போங்கள். நான்காவது நிலையிலேயே தோள்பட்டை பேசத் தொடங்கிவிடும். வேகமாக ஆடும்போது பிழையை அடுத்த அசைவு மூடிவிடும். இங்கே எதுவும் மூடாது. இறகின் நுனி நடுங்கினால் உங்கள் கை நடுங்குகிறது என்று முற்றத்துக்கே தெரிந்துவிடும். அதே நிலையில் இன்னும் 63 பேர் நிற்கிறார்கள் என்றால், ஒருவர் கோணம் விலகினாலும் வரிசை முழுவதும் உடைந்து தெரியும்.

இரண்டாவது, மேடை. சியோல் மாநகர நடனக் குழு இல்முவை அடிப்படையாக வைத்து ஒரு பெரிய மேடைப் படைப்பைச் செய்தது. 2022இல் சியோலில் அரங்கேற்றி, 2023 ஜூலையில் நியூயார்க் லிங்கன் மையத்துக்கும் கொண்டுபோனார்கள். நான் பார்த்தது ஒளிப்பதிவாகத்தான். பழைய ஆட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக வேகமெடுத்து, கடைசியில் முழுக்கப் புதிய நடனத்தில் முடிகிறது. அந்த வரிசை ஒழுங்கைப் பார்த்து எனக்கு உடல் சிலிர்த்தது. அதை யாரும் சடங்கு என்று விற்கவில்லை. இல்முவிலிருந்து பிறந்த வேறொரு பொருளாக, அதற்குரிய பெயரோடு, அதற்குரிய நேர்மையோடு வந்தது. பாரிமுனை அண்ணா கேட்கும் பார்வையாளர்களை அது கொண்டுவரும். ஆனால் சடங்கில் ஆடுவதையே வெட்டிப் பத்து நிமிடமாக்கி "இதுதான் அது" என்று காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

கயல் அக்கா, ஆடியவர்களில் பெண்கள் இருந்தார்களா?

---

கயல்_சியோல்
செவ்வாய், இரவு 9:10

இருந்தார்கள் செங்காந்தள். பலர் நடனத் துறை மாணவிகள் என்று கேள்விப்பட்டேன். பழைய காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடினார்கள். ஆகவே "அப்படியே காப்பாற்றுவது" என்று பாரிமுனை சொன்னது முழுக்கச் சரியில்லை. இடம் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

படிநிலை பற்றிய கேள்விதான் என்னை நேற்று இரவு தூங்கவிடவில்லை. கொரியாவுக்கு இந்த இசையும் ஆட்டமும் 1116இல் சீனச் சொங் பேரரசரிடமிருந்து, அப்போது இங்கே ஆண்ட கொரியோ மரபின் மன்னருக்கு வந்த பரிசு. வாங்கிக்கொண்டவர்கள் வாளாவிருக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் செஜொங் மன்னர், பாக் யொன் என்ற இசையறிஞரைக் கொண்டு எல்லாவற்றையும் மறுபடி சீர்செய்தார். ஆனால் 1430இல் அந்த மன்னரே ஒரு கேள்வியும் கேட்டார்: நம் மக்கள் உயிரோடு இருக்கும்போது கேட்பது நம் நாட்டு இசை, செத்த பிறகு மட்டும் சீன இசையைக் கேட்க வைப்பது முறையா? அந்தக் கேள்வியின் பயன்தான் அரச முன்னோர் கோயிலான ஜொங்மியோவில் இன்று ஒலிப்பது. செஜொங் தாமே இயற்றிய இசை, கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டி அளவு பார்த்து அமைத்தார் என்று அரசவைக் குறிப்பு சொல்கிறது. அவர் மகன் செஜோ 1464இல் அதை ஜொங்மியோ சடங்கில் சேர்த்தார். ஜொங்மியோவிலும் 64 பேரின் இல்மு உண்டு. அங்கே கேடயம், கோடரிக்குப் பதில் மர வாளும் ஈட்டியும். 2001இல் யுனெஸ்கோ உலக மரபாக அறிவித்தது அந்தச் சடங்கையும் இசையையும்தான்.

ஒரு சின்னச் செய்தி. தொங்கும் கல்மணிகள் 16ஐயும் பாக் யொன் உள்நாட்டுக் கல்லிலேயே செய்து முடித்துக் காட்டியபோது, மன்னர் கேட்டுவிட்டு, ஒரு கல்லின் ஒலி சற்று உயர்ந்திருக்கிறதே, ஏன் என்றார். போய்ப் பார்த்தால், அந்தக் கல்லில் தேய்ப்பதற்காகப் போட்ட மைக்கோடு இன்னும் மிச்சமிருந்தது. அந்தக் கோட்டளவு கல் தேய்க்கப்படவில்லை. தேய்த்ததும் ஒலி சரியாயிற்று. இது 1433இல் நடந்தது. மைக்கோட்டின் அளவுக்குக் காது கொடுத்து உருவாக்கிய ஒன்றைப் "பத்து நிமிடம் போதும்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படிநிலை போகட்டும் பாரிமுனை, அதற்காக யாரும் அழப்போவதில்லை. ஆனால் அன்று முற்றத்தில் நான் பார்த்தது அரசனுக்குக் கூழைக்கும்பிடு போடுவதை இல்லை. 64 இளைஞர்கள், கைதட்டலை எதிர்பார்க்காமல், கேமராவுக்குத் திரும்பாமல், ஓர் ஆசிரியரின் பெயர் எழுதிய பலகைக்கு முன் தங்கள் உடலை ஒப்படைத்து நின்றார்கள். இந்தக் காலத்தில் வேறெங்கே அதைப் பார்க்க முடிகிறது? பார்வையாளரை நோக்கித் திருப்பியவுடன் அது போய்விடும். நேரம் குறைவதைவிட, திசை மாறுவதுதான் எனக்கு வலிக்கிறது. முதல் பதிவில் தெளிவில்லை என்று எழுதினேன். இப்போது தெளிவாகிவிட்டது.

---

சுவடிப்பெட்டி
புதன், காலை 11:00

சூஃபூவைப் பற்றித் தம்பி பாரிமுனை எழுதியதற்கு ஒன்று சேர்க்க வேண்டும். அந்த ஊர் என்ன பட்டது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? 1966 நவம்பரில் பெய்ஜிங்கிலிருந்து வந்த செங்காவலர்கள் (மாவோவின் கலாச்சாரப் புரட்சியில் இறங்கிய இளைஞர் படையினர்) கோயில் சிலையை உடைத்தார்கள், கல்வெட்டுகளைச் சிதைத்தார்கள், கல்லறைகளைத் தோண்டினார்கள். கன்பூசியஸின் பெயரைச் சொல்வதே குற்றம் என்றிருந்த காலம். 1980களில் அந்த ஆட்டம் சூஃபூவுக்குத் திரும்பி வந்தபோது சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சியாகத்தான் வர முடிந்தது. வேறு வாசல் திறந்திருக்கவில்லை. 2004இல்தான் உள்ளூர் அரசே முன்னின்று பொதுச் சடங்காக நடத்தியது, 2006இல் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஆக, காட்சியாக உள்ளே வந்து பின்னர் சடங்கானது. ஒலிபெருக்கி எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த மேடைகள் இல்லாவிட்டால் அங்கே அடுத்த தலைமுறைக்கு நிலைகளைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மனிதர் மூலம் தப்பிய கதை கொரியாவில் உண்டு. கிம் சொன்-ஹுங் என்பவர் 1909இல் பிறந்தவர். 1923இல், நாடு ஜப்பான் பிடியில் இருந்தபோது, கடைசி மன்னர் சுன்ஜொங்கின் ஐம்பதாம் பிறந்தநாளில் அரண்மனையில் ஆடிய சிறுவர்களில் ஒருவர். அரண்மனையும் போய், போரும் வந்துபோன பிறகு, தாம் கற்றதை வைத்து அரசவை ஆட்டங்களை மீட்டுக்கொடுத்தார். 2007 வரை வாழ்ந்தார். ஒரு நூற்றாண்டின் இரு கரைக்கும் ஒரே உடல் பாலமாக இருந்திருக்கிறது.

தைவானிலும் 1968இல் அரசு உத்தரவின் பேரில் சடங்கைத் திருத்தினார்கள். தைப்பே கோயில் மிங் காலத்து உடைக்கும் ஆட்டத்துக்கும் மாறியது. 1665இல் தொடங்கிய தைனான் கோயில் தன் பழைய சிங் காலத்து வழியிலேயே இன்றும் நிற்கிறது. ஒரே தீவில் இரண்டு முறைகள். எது அசல் என்று கேட்டால் நான் வாய் திறக்க மாட்டேன்.

---

மூங்கில்நிழல்
செப்டம்பர் 28, பகல் 12:20

இன்று காலை போய்விட்டு வந்தேன். அனுமதிச் சீட்டு கிடைத்திருந்தது. இருட்டு விலகும் முன்பே முரசு மூன்று சுற்று அடித்து முடித்துவிட்டார்கள். மொத்தம் 37 படிகள் கொண்ட சடங்கு. ஆட்டம் தொடங்கும்வரை குழந்தைகள் வரிசையில் அசையாமல் நின்றார்கள்.

எனக்கு மிக அருகில் கடைசி வரிசையில் ஒரு சிறுவன், ஒன்பது, பத்து வயதிருக்கும். இரண்டாவது படையலின்போது ஒரு கொசு அவன் கன்னத்தில் உட்கார்ந்தது. இரண்டு கையிலும் குழலும் இறகும். அவன் கண் மட்டும் ஒரு முறை அந்தப் பக்கம் போனது. இறகு அசையவில்லை. அந்த எழுத்து முடிந்து அடுத்த எழுத்துக்கு எல்லாரும் குனிந்தபோது, அவனும் சேர்ந்து குனிந்தான், கொசு பறந்துவிட்டது. அவனுடைய அம்மாவாக இருக்க வேண்டும், என் பக்கத்தில் நின்றவர் அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

---

பாரிமுனை
செப்டம்பர் 28, இரவு 9:45

மூங்கில்நிழல், இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்ற என் கருத்தை விட்டுவிடவில்லை. ஆனால் செங்காந்தள் சொன்ன வழியில், புதிய படைப்பாக என்று திருத்திக்கொள்கிறேன்.

கயல், அடுத்த மே மாதம் வேலையாகச் சியோல் வருகிறேன். ஜொங்மியோவில் எப்போது? எங்கே நின்றால் நன்றாகத் தெரியும்?

---

கயல்_சியோல்
செப்டம்பர் 28, இரவு 10:30

மே முதல் ஞாயிறு. காலையிலேயே வந்துவிடுங்கள், நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். நேர் பின்னால் நின்றால் முதுகுகளும் தொப்பிகளும்தான் தெரியும். பக்கவாட்டில் நின்றால் குழலும் இறகும் சேரும் கோணம் தெரியும். முடிந்தால் மேற்குப் பக்கம் வாருங்கள். அங்கே வெள்ளை வண்ணத்தில் படுத்திருக்கும் மரப்புலி ஒன்று இருக்கும், முதுகில் 27 பற்கள். இசை தொடங்குவது கிழக்கே உள்ள மரப்பெட்டியை இடித்து. முடிப்பது இந்தப் புலி. நுனி பிளந்த மூங்கிலால் தலையில் மூன்று முறை தட்டிவிட்டு, முதுகுப் பற்களின் மேல் சர்ரென்று இழுப்பார்கள். கூட்டம் முன்பே கலையத் தொடங்கும். நீங்கள் அந்த ஒலியைக் கேட்ட பிறகு கிளம்புங்கள்.